சீட் ஜூலையில் வரும், பணம் எப்போது வரும்?

கேள்வி:

திருமுல்லைவாயலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். வீட்டுக்காரர் வெல்டிங் வேலைக்குப் போகிறார், வேலை இருக்கிற நாளில்தான் கூலி. இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்தால் மாதம் 20,000 வரும். மூத்த பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து அப்ரண்டிஸாக இருக்கிறான். பெண் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். ஆறாவதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். கணக்கு 88, இயற்பியல் 84, வேதியியல் 79. கட்ஆஃப் 169.5. நாங்கள் எம்.பி.சி.

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்து, முதல் பட்டதாரி சான்றிதழும் ஏற்றி, ரேங்க்கும் வந்துவிட்டது. இரண்டாவது ரவுண்டில் வருவாள் என்கிறார்கள். அதற்குள் ஒரு காலேஜிலிருந்து தினமும் போன். 25,000 ரூபாய் கட்டி மார்க் ஷீட்டைக் கொடுத்தால் மேனேஜ்மென்ட்டில் சீட் பிடித்து வைப்பார்களாம், இல்லாவிட்டால் கிடைக்காதாம். பேங்கில் லோன் கேட்டால் அட்மிஷன் லெட்டர் கொண்டு வா என்கிறார்கள். காலேஜில் கேட்டால் முதலில் பணம் என்கிறார்கள். ஸ்காலர்ஷிப் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. பெண் ராத்திரியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘பீஸ் கம்மியா இருக்கிற காலேஜா மட்டும் போட்டுக்கறேன், இல்லன்னா உன்கூட கம்பெனிக்கே வந்துடறேன்மா’ என்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முன்பணம் கட்டிவிடலாமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வேண்டாம், திருமுல்லைவாயல்

பதில்:

முன்பணம் கட்டாதீர்கள், அம்மா. மகளின் அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். இது மட்டும் இன்றைக்கே முடிவாக வேண்டியது.

காரணம், முதல் பட்டதாரி சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேருகிறவர்களுக்கு மட்டும்தான் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. கட்டண நிர்ணயக் குழு 2017இல் வகுத்த கணக்குப்படி சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருடம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. அரசு இடத்தில் முதல் பட்டதாரிக்கு இதிலும் 25,000 கழியும். ஆக, ஒரு பக்கம் வருடம் 25,000, இன்னொரு பக்கம் 85,000. நான்கு வருடத்துக்கு வித்தியாசம் 2,40,000 ரூபாய். நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து ஒரு வருடம் முழுக்க உழைத்து ஈட்டுகிற தொகை அது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ‘நன்கொடை’ என்று கேட்டால் அது சட்டப்படியே குற்றம். 1992லேயே தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது.

‘இப்போது விட்டால் கிடைக்காது’ என்பதும் உண்மை இல்லை. ஒவ்வொரு ஆண்டும் கலந்தாய்வு முடிந்த பிறகும் பொறியியல் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகவே நிற்கின்றன. அவசரம் அந்தக் கல்லூரிக்குத்தான் இருக்கிறது, உங்கள் மகளுக்கு இல்லை. உங்கள் தெருவில் யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் அந்தந்த ஆண்டு அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் இடம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், 1,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைச் செலவு போக மீதி முழுவதையும் கல்லூரி திருப்பித் தர வேண்டும். சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும்.

உங்கள் பகுதிக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி, தண்டலம் வரை ஒரே குழுமத்தின் பெயரில் இரண்டு மூன்று நிறுவனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், சில அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். வேல்டெக் பெயரில் இரண்டும் உண்டு, செயின்ட் பீட்டர்ஸ் பெயரில் இரண்டும் உண்டு, சவீதா பெயரிலும் அப்படியே. நிகர்நிலை என்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது பொறியியல் கலந்தாய்வுக்குள் வராது. அங்கே கட்டணம் வேறு, முதல் பட்டதாரி சலுகை கிடையாது. எனவே யாராவது ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னால், ‘கலந்தாய்வு கோடு எண் என்ன?’ என்று கேட்கச் சொல்லுங்கள் மகளிடம். எண் சொன்னால் அதை அரசு வெளியிட்ட கல்லூரிப் பட்டியலில் சரிபார்க்கலாம். எண் இல்லை என்றால் அது வேறு வழி.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். சீட் செய்தியும் பணச் செய்தியும் ஒன்றாக வரும் என்று நினைத்துத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள். வராது. இடம் ஜூலை, ஆகஸ்டில் முடிவாகிவிடும். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதே கல்லூரி திறந்த பிறகுதான், அது வங்கிக் கணக்கில் விழ இன்னும் பல மாதங்கள் ஆகும். அமெரிக்காவில் கல்லூரி அனுமதிக் கடிதத்தை ஒட்டியே எவ்வளவு உதவி என்ற கடிதமும் வந்துவிடுவது வழக்கம். 2023 அக்டோபரில் திறக்க வேண்டிய அவர்களது உதவி விண்ணப்பம் டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போய், 2024 வசந்தத்தில் பணச் செய்தி தெரியாமல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று நாடே கொந்தளித்தது. நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் அதே நிலைதான். அது இங்கே செய்தியாகக்கூட ஆவதில்லை. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒதுக்கீட்டு ஆணையிலேயே இந்தப் பெண்ணுக்கு இன்னின்ன உதவி இவ்வளவு என்று அச்சிட்டுக் கொடுத்தால், பாதி வீடுகளில் இந்தப் பயம் இருக்காது. அதற்குத் தேவையான சாதி, வருமானம், பள்ளி விவரம் எல்லாம் அரசிடமே இருக்கின்றன.

அது வரும்வரை அந்தக் கணக்கை நாமே போட வேண்டும். போட்டுப் பார்ப்போம்.

7.5 விழுக்காடு ஒதுக்கீடு உங்கள் மகளுக்குக் கிடையாது. அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021இல் பொறியியலுக்கும் அந்தச் சட்டம் வந்தது, அந்தப் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. திருமுல்லைவாயலில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருக்கும் இரண்டு வெல்டர் வீட்டுப் பெண்களில், ஒருத்தி அரசுப் பள்ளியில் படித்தாள் என்பதால் முழுக் கட்டணமும் தள்ளுபடி, இன்னொருத்தி உதவி பெறும் பள்ளியில் படித்தாள் என்பதால் இல்லை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இது மாறக்கூடியதுதான் என்பதற்குப் புதுமைப் பெண் திட்டமே சாட்சி. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியபோது அதுவும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும்தான் இருந்தது. 2023 பிப்ரவரியில் இரண்டாம் கட்டம் உங்களுக்குப் பக்கத்தில் பட்டாபிராம் இந்துக் கல்லூரியில்தான் தொடங்கியது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். ஆகவே உங்கள் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாகக் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் பட்டதாரி சலுகையைப் பற்றிப் பயம் வேண்டாம். மூத்தவன் படித்தது ஐ.டி.ஐ., அது பட்டம் இல்லை. இந்தச் சலுகை கையில் வருகிற பணமும் இல்லை, கட்டணத்தில் கழிகிற பணம். அரசு அதைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடும். ‘முழுசா கட்டுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்’ என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், ஒதுக்கீட்டு ஆணையையும் சான்றிதழையும் காட்டி, கழித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும் என்று மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். நீங்கள் சொன்ன கணக்கில் 2.4 லட்சம் வருகிறது, விளிம்பில் நிற்கிறீர்கள். வருமானச் சான்றிதழில் உள்ள தொகையை உண்மையாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பழைய சான்றிதழாக இருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள். ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு உதவி தர மாட்டார்கள். முதல் பட்டதாரி சலுகை போக எந்தக் கட்டணத்துக்கு இதில் வழி இருக்கிறது என்பதைக் கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கிற எழுத்தரிடம் சேர்க்கை நாளிலேயே கேளுங்கள். அந்த ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நான்கு வருடத்துக்கும் உதவும். தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் மாணவியருக்கென்று தரும் பிரகதி உதவித்தொகை வருடம் 50,000 ரூபாய், குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பம் திறக்கும்போது தவறவிடாதீர்கள். எண்ணிக்கை குறைவு, மதிப்பெண் வரிசையில் தருவார்கள். மற்றவற்றோடு சேர்த்து வாங்கலாமா என்பதையும் அந்த எழுத்தரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, முதல் நாள் உங்கள் கையில் இருக்க வேண்டியது 25,000 அல்லது 30,000 ரூபாய், அதோடு தேர்வுக் கட்டணம், புத்தகம், சீருடை என்று சில்லறையாக வருபவை. இதுதான் நீங்கள் உண்மையில் புரட்ட வேண்டிய பணம். நான்கு வருடத்துக்கான லட்சங்களை ஒரே இரவில் நினைத்துப் பார்த்தால் யாருக்கும் தூக்கம் வராது. உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால், பிள்ளைகளின் மேற்படிப்புக்காக அதிலிருந்து எடுக்க வழி இருக்கிறது. கம்பெனியின் மனிதவளப் பிரிவில் நாளைக்கே கேளுங்கள், பணம் வர நாள் ஆகும். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் அங்கே கேட்கலாம். நகை ஒன்றிரண்டு இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். வாரத் தவணைக்காரர்களிடம் மட்டும் போகாதீர்கள். கல்விச் செலவென்று வாங்கிய வாரக் கடனைக் கட்டுவதற்காகவே இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்திய பெண்களை நான் அறிவேன்.

பேருந்துக் கட்டணத்தை மறந்துவிடுவார்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் கல்லூரிப் பேருந்துக்கு வாங்குகிற தொகை, சலுகை போக நீங்கள் கட்டும் கல்விக் கட்டணத்தோடு போட்டி போடும். கட்டாயமா என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் மகள் ரயில் பாதையை ஒட்டியே குடியிருக்கிறாள், மாணவர் சீசன் டிக்கெட் இருக்கிறது. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம். ஆவடி, பூந்தமல்லி வழியில் போகும் கல்லூரிகளுக்கு இந்த இரண்டையும் வைத்தே போய்வர முடியும் என்றால், வருடத்துக்கு ஒரு பெரிய தொகை மிச்சம்.

இனி மகளிடம் படித்துக் காட்ட வேண்டிய பகுதி. ‘பீஸ் கம்மியான காலேஜ் மட்டும் போடுகிறேன்’ என்கிறாளே, அதில் அடிப்படைத் தவறு ஒன்று இருக்கிறது. அரசு ஒதுக்கீட்டில் பெயர்பெற்ற சுயநிதிக் கல்லூரிக்கும் பெயர் கேள்விப்படாத கல்லூரிக்கும் கல்விக் கட்டண உச்சவரம்பு ஏறக்குறைய ஒன்றுதான். அரசுக் கல்லூரிகளில் அதைவிடவும் குறைவு. பட்டியலைப் பயந்து சுருக்கினால் பணம் மிச்சமாகாது, நல்ல கல்லூரிதான் கைவிட்டுப் போகும். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். தனக்கு உண்மையில் பிடித்த வரிசையில் போட வேண்டும். எட்டாது என்று தோன்றுவதை மேலே போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். போன வருடம் எம்.பி.சி. பிரிவில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் எந்தக் கட்ஆஃபில் முடிந்தது என்ற விவரம் கலந்தாய்வுத் தளத்திலேயே இருக்கிறது. 169.5க்கு மேலே கொஞ்சம், கீழே நிறைய என்று எடுத்து எழுதச் சொல்லுங்கள். பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அண்ணனோடு உட்கார்ந்து கோடு எண்களை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். ஒரு எண் மாறினால் ஊரே மாறிவிடும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் தருவார்கள். அப்போது ஏற்றுச் சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பம் காலியானால் மாறிக்கொள்கிறேன் என்று சொல்லலாம். வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்கும் போகலாம். கிடைத்தது பட்டியலின் முதல் சில இடங்களுக்குள் இருந்தால் ஏற்றுச் சேரச் சொல்வேன். நடுவில் இருந்தால் இரண்டாவது வழி நல்லது, கையில் உள்ளதும் போகாது. ஒன்றும் அழுத்தாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து. அதன் பிறகு பணம் கட்ட ஐந்து நாள் அளவில்தான் அவகாசம் இருக்கும். சேருகிறவர்கள் கல்லூரியில் கட்ட வேண்டும், மேலே மாற விரும்புகிறவர்கள் கலந்தாய்வு உதவி மையத்தில் கட்ட வேண்டும். அந்த ஐந்து நாளுக்காகத்தான் இப்போதே பணத்தைப் புரட்டி வைக்கச் சொல்கிறேன்.

வங்கி மேலாளர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணை இல்லாமல் அவர் கடன் தர முடியாது. ஆனால் ஆணை வந்த பிறகுதான் ஓட வேண்டும் என்பதில்லை. வித்யாலட்சுமி தளத்தில் பதிவு, மகள் பெயரிலும் உங்கள் பெயரிலும் அதே கிளையில் கணக்கு, பான் அட்டை இவற்றை இப்போதே முடித்துவிடலாம். 4 லட்சம் வரை அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் தேவையில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியோ பாடப்பிரிவோ தர அங்கீகாரம் பெற்றிருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. பட்டியலில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது இந்த அங்கீகாரத்தையும் பாருங்கள். கிளையில் அலைக்கழித்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பிறகு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். ஒன்று கவனியுங்கள்: அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது, ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம்தான். நீங்கள் வேலை செய்வது ஒரு மாவட்டம், குடியிருப்பது இன்னொன்றாக இருக்கலாம். கல்விக்கடன் முகாம், வட்டாட்சியர் அலுவலகம் எல்லாம் வீட்டு விலாசப்படிதான். தவறான அலுவலக வாசலில் நின்று உங்கள் ஒரு நாள் சம்பளத்தை இழக்காதீர்கள்.

ராத்திரி போன் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2018க்கு முன் கலந்தாய்வுக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் வர வேண்டியிருந்தது. வளாகம் முழுக்கப் பெற்றோர் கூட்டம், தெரியாதவர்கள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து கட்ஆஃப் கேட்டு யோசனை சொல்வார்கள். இப்போது அலைச்சல் இல்லை, அது நல்லதுதான். ஆனால் பதினேழு வயதுப் பெண் இருட்டில் தனியாக ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். கலந்தாய்வு அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது. விருப்பம் பதியும் நாள், தற்காலிக ஒதுக்கீட்டு நாள், உறுதி செய்யும் நாள், பணம் கட்டும் நாள், இவற்றைச் சமையலறைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போடுங்கள். மற்ற நாட்களில் அந்தத் தளத்தில் பார்க்க எதுவும் இல்லை என்று அவளுக்குச் சொல்லுங்கள். அன்றன்றைக்குப் பார்க்கும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும்.

‘உன்கூட கம்பெனிக்கே வந்துடறேன்மா’ என்று அவள் சொன்னது படிப்பு பிடிக்காமல் இல்லை. உங்கள் சிரமத்தைப் பார்த்துப் பார்த்து வந்த வார்த்தை அது. திட்டாதீர்கள், அழவும் வேண்டாம். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுங்கள்: கட்ட வேண்டியது இவ்வளவு, கழிவது இவ்வளவு, மாதம் வருவது இவ்வளவு, அம்மா ஏற்பாடு செய்வது இவ்வளவு. எவ்வளவு என்று தெரியாததால்தான் அவளுக்கு அந்தத் தொகை மலையாகத் தெரிகிறது.

மூன்று சுற்றிலும் மனதுக்குப் பிடித்தது அமையவில்லை என்றால் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், கணிதமோ இயற்பியலோ கணினி அறிவியலோ பட்டப்படிப்பாகப் படிக்கலாம், புதுமைப் பெண் தொகை அதற்கும் உண்டு. இந்துக் கல்லூரிக்கு அதே பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒரே ரயில். கலைக் கல்லூரிச் சேர்க்கைகள் சீக்கிரம் முடிந்துவிடும், எனவே ஒரு விண்ணப்பத்தை இப்போதே போட்டு வையுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். மகளின் பெயரும் முன்னெழுத்தும் மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே இருக்க வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பலருக்கு உதவித்தொகை அனுமதியாகியும் கணக்கில் ஏறாமல் நிற்பது இந்த இணைப்பு இல்லாததால்தான். கிளையில் கேட்கும்போது, ‘அரசு மானியம் விழுகிற மாதிரி ஆதார் இணைந்திருக்கிறதா?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். சும்மா ஆதார் நகல் கொடுத்திருப்பது போதாது.